எரியும் முனை வாய்க்குள்: மேல் அண்ணத்தில் ஒரு சிவப்புத் திட்டு

பின்னணி

விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, விஜயநகரம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்கள் வரை நீளும் கடற்கரை ஊர்களில் சுருட்டைத் தலைகீழாகப் பிடிக்கும் பழக்கம் உண்டு. பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்ததும் சுருட்டைத் திருப்பி, நெருப்பு இருக்கும் முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொள்வார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எரியாத முனை வழியாகத்தான் நெருப்புக்குக் காற்று போகும். புகை வாயோரமாக வெளியே வரும். சாம்பலைத் துப்புவார்கள், சிலர் விழுங்கிவிடுவார்கள். உதடும் நாக்கும் ஈரமாகவே இருப்பதால் சுருட்டு மெதுவாக எரியும், ஒன்று கால் மணி நேரத்துக்கு மேல்கூட நிற்கும். உள்ளூரில் சுருட்டுக்குச் ‘சுட்ட’ என்றும், இப்படித் தலைகீழாகப் பிடிப்பதற்கு அட்டபொக என்றும் பெயர். பிடிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் வயதானவர்கள்.

யாரோ ஓரிருவர் செய்யும் விநோதம் என்று இதை நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் வாய் நோயியல் நிபுணர் ஜென்ஸ் பிண்ட்போர்க்கும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எஃப்.எஸ். மேத்தா குழுவினரும் ஸ்ரீகாகுளம் மாவட்டக் கிராமங்களில் 10,169 பேரின் வாயைப் பரிசோதித்து 1971-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டோர் தலைகீழாகப் புகைப்பவர்கள். இன்று இளம்பெண்கள் இதைத் தொடங்குவது அபூர்வமாகிவிட்டது. ஆனால் அன்றைக்குத் தொடங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இன்னும் பிடிக்கிறார்கள். கோவாவிலும், நாட்டுக்கு வெளியே பிலிப்பைன்ஸ், பனாமா, கொலம்பியா, வெனிசுலா, இத்தாலியின் சார்டினியா போன்ற இடங்களிலும் இதே பழக்கம் பதிவாகியிருக்கிறது.

கீழே எழுதியிருப்பது, இந்தக் கரையோரத்தில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவத் துறைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றியது. ஆளை அடையாளம் காண உதவும் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. பல் மருத்துவ மாணவர்களுக்கும் ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுதாகப் பதிகிறேன்.

முதல் வருகை

பிப்ரவரிக் கடைசி. ஐம்பத்தெட்டு வயதுப் பெண், கருவாடு உலர்த்தி விற்பவர். மேல் கடைவாய்ப் பல் ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை, பிடுங்க வேண்டும் என்று மருமகளுடன் வந்திருந்தார். பதிவுப் படிவத்தில் புகைப் பழக்கம் என்ற இடத்தில் ‘இல்லை’. மெல்லும் புகையிலை, அதுவும் ‘இல்லை’. மது, வெற்றிலைபாக்கு எல்லாமே இல்லை. வெளியாள் பார்வைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத ஆள்.

முதலில் பரிசோதித்த பயிற்சி மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மேல் முன்பற்களின் முன்பக்கம் ஓரளவு சுத்தமாக இருந்தது. அதே பற்களின் பின்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம், தார் பூசியதாகக் கறுத்திருந்தது. வழக்கமாக பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடமும் பல்லின் உட்பக்கம் கறை படியும். ஆனால் இவ்வளவு கறுப்பாக, மேல் முன்பற்களில் மட்டும் குவிந்து படிவது வேறு கதை. பயிற்சி மருத்துவர் என்னைக் கூப்பிட்டார்.

“பீடி, சிகரெட் ஏதாவது பிடிப்பீங்களாம்மா?”

“சீ, அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்.”

“சுட்ட?”

சிரித்துவிட்டார். “சுட்ட இல்லாம எங்க ஊர்ல யாரு இருக்கா?”

“நெருப்பு உள்ளயா, வெளியயா?”

மருமகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “உள்ளதான் டாக்டரம்மா. வெளிய வச்சா கடக்கரைக் காத்துல நிக்குமா?”

கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பற்றவைத்துக் கொடுக்கப்போய்த் தொடங்கியது, நாற்பது வருடப் பழக்கம். ஒரு நாளைக்கு இரண்டு, மீன் வரத்து அதிகமான மாதங்களில் மூன்று. சந்தையில் இலையாக வாங்கி, ஈரப்படுத்தி, வீட்டிலேயே சுருட்டி நூல் கட்டிக்கொள்வாராம். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும் என்று கையால் காட்டினார்.

பொய் சொல்லிவிட்டார் என்று மருமகள் சங்கடப்பட்டார். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘புகை பிடிப்பீர்களா’ என்ற கேள்வி இந்த ஊர்களில் சிகரெட்டையும் பீடியையும்தான் குறிக்கிறது. சுட்ட அவர்களுக்கு வெற்றிலை மாதிரி, வேலைக்கு நடுவில் வாயில் இருக்கும் ஒரு பொருள்.

வாய்க்குள் கண்டவை

தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்தோம். மேல் அண்ணத்தில் இளஞ்சிவப்பு என்று சொல்லத்தக்க இடமே குறைவு. முன்பற்களுக்குப் பின்னாலிருந்து, எலும்பு முடிந்து மென்மையான அண்ணம் தொடங்கும் இடம் வரை சாம்பல் கலந்த வெள்ளை. வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு வெடித்தது போல மெல்லிய கோடுகள் அதைப் பாளம் பாளமாகப் பிரித்திருந்தன. பின்பாதியில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் சிறு மேடுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் துளை. சுற்றியுள்ள சவ்வு தடித்து வெளுத்துப்போக, அழற்சியால் சிவந்த துளை மட்டும் தனியாகத் தெரிகிறது. இடையிடையே பழுப்புக் கறைகள். பஞ்சால் துடைத்தால் போகாது, ஏனென்றால் அது புகைக்கறை இல்லை. சூட்டுக்கும் புகைக்கும் எதிராகச் சவ்வு தானே சேர்த்துக்கொண்ட மெலனின் நிறமி. அவற்றுக்கு நடுவே நிறம் முழுவதும் போன வெளிர் திட்டுகளும் இருந்தன.

கவலை தந்தது இவை எதுவும் இல்லை. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், முதல் கடைவாய்ப் பல்லுக்கு நேராக, ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிவப்புத் திட்டு. புண் இல்லை, வலி இல்லை, எரிச்சல்கூட இல்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் விளிம்பு தெளிவாக இருந்தது, நடுக்கோட்டைப் பார்த்த பக்கம் வெள்ளைக்குள் மங்கிக் கலந்திருந்தது. பஞ்சு பட்டதும் ஒரு துளி ரத்தம் கசிந்தது.

நாக்கின் மேற்பரப்பு லேசாக வெளுத்திருந்தது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, கீழ் ஈறு எல்லாம் சரியாக இருந்தன. கழுத்தில் நெறிகட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

தமிழ்நாட்டில் படித்தபோது எங்கள் கண் முதலில் போகும் இடம் கன்னமும், கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளமும்தான். வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கி வைக்கும் இடம் அது, புற்று வருவதும் பெரும்பாலும் அங்கேதான். கடின அண்ணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வோம். இந்தக் கரையில் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் மேல் அண்ணம்

தலைகீழாகப் புகைக்கும்போது நெருப்பிலிருந்து அண்ணத்துக்கு இடையில் சில மில்லிமீட்டர் காற்றுதான். எரியும் முனைக்குப் பக்கத்தில் வாய்க்காற்றின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போவதை அளந்திருக்கிறார்கள். வாய் வெந்துபோகாமல் இருப்பதற்கு உமிழ்நீரும், நாக்கைக் கொண்டு நெருப்பைச் சற்றுத் தள்ளியே வைத்திருக்கும் பழக்கமும் காரணம். அந்தச் சூட்டோடு தாரும், புகையிலை எரிந்து உண்டாகும் புற்றுத்தூண்டிகளும் சாம்பலும் நேராக அதே இடத்தில் படிகின்றன. இன்னொன்று, சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. சிகரெட்டைப் போல நுரையீரலுக்கு இழுத்தால்தான் நிகோடின் ஏறும் என்பதில்லை, வாய்ச் சவ்வு வழியாகவே ஏறிவிடும். அதனால் புகையை வாய்க்குள்ளேயே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

பைப் பிடிப்பவர்களுக்கும் அண்ணம் வெளுத்து, சிவப்புப் புள்ளி மேடுகள் வரும். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள், இது சரியில்லை. பைப்பால் வருவது பெரும்பாலும் சூட்டின் விளைவு. பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் மறையும், புற்றாக மாறுவது அரிது. தலைகீழ்ப் புகைப்பில் வரும் அண்ண மாற்றங்களோ வாயில் புற்றாக மாறக்கூடிய நிலைகளின் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் 2020-ல் அந்தப் பட்டியலைத் திருத்தியபோதும் அவை நீக்கப்படவில்லை. வெளுப்பு, மேடுகள், தடித்த வெள்ளைத் திட்டுகள், சிவப்புப் பகுதிகள், புண்கள், நிறமிழந்த பகுதிகள் என்று ஆறு வகையாக இவற்றைப் பிரிப்பார்கள். இந்தப் பெண்ணின் அண்ணத்தில் புண்ணைத் தவிர எல்லாமே இருந்தன. அவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது சிவப்பு.

முதல் முடிவு: பல்லைப் பிடுங்கவில்லை

அவர் வந்தது பல்லுக்காக. பிடுங்கி அனுப்பினால் அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் வேலை முடிந்தது. ஆனால் சிவப்புத் திட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பல் ஆடும்போது, அது ஈறு நோயால் ஆடுகிறதா, அடியில் எலும்பு அரிக்கப்படுவதாலா என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது. புற்று இருக்கும் இடத்தில் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாது, நோய் எலும்புக்குள் இறங்க வழியும் கிடைத்துவிடும். எக்ஸ்ரேயில் அண்ண எலும்பு அரிக்கப்படவில்லை. பல்லைச் சுற்றி மட்டும், ஈறு நோயில் வழக்கமாகக் காணும் எலும்பிழப்பு. ஆனாலும் திசுப் பரிசோதனை (பயாப்சி) முடியும்வரை பல்லைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

இதை அவர் ஏற்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர். “பல்லுக்கு வந்தா மேல எதையோ பார்க்கறீங்க” என்றார். கைக்கண்ணாடியைக் கொடுத்து, விளக்கைத் திருப்பி, அவருடைய அண்ணத்தை அவரையே பார்க்கச் சொன்னோம். வெகுநேரம் பார்த்தார். தன் வாயின் கூரையை அவர் பார்த்தது அதுதான் முதல்முறை. அதன் பிறகு பல்லைப் பற்றிப் பேசவில்லை.

சிவப்பு என்றால் எல்லாமே ஆபத்தான மாற்றம் ஆகாது. கேண்டிடா பூஞ்சைத் தொற்றிலும் சிவக்கும். சூடுபட்டாலும் சிவக்கும். அதனால் பூஞ்சைக்குச் சுரண்டல் மாதிரி எடுத்து, பூஞ்சை மருந்து கொடுத்து, சுருட்டை நிறுத்தச் சொல்லி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னோம். ரத்த அழுத்தம் 160/100 இருந்தது. அதுவரை யாரும் அளந்ததில்லையாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து மாத்திரை தொடங்க வைத்தோம்.

பயாப்சி

மார்ச் நடுவில் திரும்பி வந்தார். சுரண்டல் மாதிரியில் கொஞ்சம் பூஞ்சை இருந்தது, மருந்தில் திட்டின் ஓரம் சற்றுச் சுருங்கியிருந்தது. மையப்பகுதி அப்படியே இருந்தது. இரண்டு வாரத்தில் போகாத சிவப்பை வெட்டிப் பார்க்காமல் விடுவதற்கில்லை.

எங்கிருந்து எடுப்பது என்பது இங்கே முக்கியமான கேள்வி. அண்ணம் முழுவதும் மாறியிருக்கிறது. தவறான இடத்தில் எடுத்தால் ‘சாதாரணத் தடிப்பு’ என்று அறிக்கை வந்து எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். டொலூடின் நீலச் சாயம் பூசி, சாயத்தை அதிகம் பிடித்துவைத்த இடத்தைக் குறித்தோம். சாயம் நோயை உறுதிசெய்யாது. எந்த இடத்தில் வெட்டலாம் என்று கைகாட்டும், அவ்வளவுதான். சிவப்பிலிருந்து ஒன்று, வலப்பக்கத் தடித்த வெள்ளையிலிருந்து ஒன்று என இரண்டு துண்டுகள் எடுத்தோம். அண்ணத்தில் சவ்வு எலும்போடு ஒட்டியிருப்பதால் தையல் போட்டு மூட வராது. அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, தானாக ஆற விட்டோம்.

மார்ச் முடிவில் அறிக்கை வந்தது. வெள்ளைப் பகுதியில் கெரட்டின் என்ற கடினப் புரத அடுக்கு தடித்திருந்தது, கீழே மெலனின் சிந்தியிருந்தது, சுரப்பிக் குழாய்களின் உள்ளுறையும் மாறியிருந்தது. அணுக்களில் கேடான மாற்றம் இல்லை. சிவப்பில் கெரட்டினே இல்லை. சவ்வு மெலிந்து, மிதமான டிஸ்பிளேசியா. அதாவது அணுக்கள் ஒழுங்கு கெட்டிருந்தன, ஆனால் அடித்தளத்தைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. இன்னும் புற்று ஆகவில்லை.

எடுப்பதா, காத்திருப்பதா

துறைக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. வாய் அறுவை மருத்துவர் உடனே வெட்டி எடுக்கச் சொன்னார். வாதம் நியாயமானதுதான்: பயாப்சி என்பது திட்டின் ஒரு மூலை மட்டுமே, மீதியில் இன்னும் மோசமானது இருக்கலாம். சிவப்புத் திட்டுகளில் அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. என் கருத்து, சில வாரம் பொறுக்கலாம் என்பது. அண்ணம் முழுவதும் ஒரே சூட்டையும் புகையையும் பட்டிருக்கிறது. ஒரு திட்டை எடுத்தாலும், சுருட்டு தொடர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். புகையை நிறுத்தினால் எது மறைகிறது, எது நிலைக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டினால் எல்லையும் தெளிவாகும்.

முடிவைத் தீர்த்தது மருத்துவம் மட்டுமில்லை, மீன்பிடித் தடைக்காலமும்கூட. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறைவு, உலர்த்த வேலையும் குறைவு. மார்ச் கடைசியில் அறுவை என்றால் அவர் வரமாட்டார் என்று மருமகளே சொல்லிவிட்டார். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குத் தேதி கொடுத்தோம். நடுவில் வாரம் ஒருமுறை ஊர் சுகாதாரப் பணியாளர் (ஆஷா) அவரைப் பார்க்க வேண்டும், திட்டில் புண்ணோ ரத்தக்கசிவோ வந்தால் தேதிக்குக் காத்திராமல் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அறுவை மருத்துவரும் இந்த நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

சுருட்டைப் பற்றிய பேச்சு

‘விட்டுவிடுங்கள், புற்று வரும்’ என்பது பேச்சு ஆகாது. அவருடைய தோழிகள் எத்தனையோ பேர் எழுபது வயதிலும் பிடிக்கிறார்கள், அவர் கண்ணுக்கு அதுதான் ஆதாரம். நாங்கள் கேட்டது வேறு: ஏன் திருப்பிப் பிடிக்கிறீர்கள்?

காற்றில் அணையாது என்பது முதல் காரணம். இரண்டு கையும் மீனிலும் உப்பிலும் இருக்கும்போது சுருட்டைக் கையில் எடுக்க வேண்டியதில்லை, சாம்பல் மீன்மேல் விழாது என்றார் அடுத்து. மூன்றாவதை மருமகள் வெளியே போன பிறகுதான் சொன்னார். பெண் புகைப்பதைப் பெரியவர்கள் பார்க்கக் கூடாது. நெருப்பு உள்ளே இருந்தால் தூரத்திலிருந்து தெரியாது. மாமியார் பிடிப்பார், ஆனால் மாமனாருக்கு முன்னால் இல்லை. அந்த மாமனார் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

நிகோடின் சூயிங்கம் யோசித்தோம். கீழே கடைவாய்ப் பற்கள் பாதி இல்லை, மேலே பயாப்சிப் புண். அதனால் தோலில் ஒட்டும் நிகோடின் ஒட்டு கொடுத்தோம். விலை அவருக்குக் கட்டாது. கல்லூரி நிதியிலிருந்து ஆறு வாரத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்ய முடிந்தது.

கூடவே பற்களின் பின்பக்கக் கறையை முழுவதும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டோம். அழகுக்காக இல்லை. மறுபடி பிடிக்கத் தொடங்கினால் முதலில் கறுப்பது அந்த இடம்தான், கேட்காமலே தெரிந்துவிடும். இதை அவரிடம் மறைக்கவில்லை. “அப்போ பல்லே கோள் சொல்லுமா?” என்று கேட்டார்.

இந்த இடைவெளியில் அவராகவே ஒன்று செய்தார். முழுதாக விட முடியாமல், சுருட்டை நேராகப் பிடிக்க ஆரம்பித்தார். நெருப்பு வெளியே. இதை நாங்கள் சொல்லவில்லை. நேராகப் பிடித்தாலும் சுருட்டு சுருட்டுதான், கேடு இடம் மாறுமே தவிரத் தீராது. ஆனால் நடந்தது எதிர்பாராதது. கடற்கரையில் அது அடிக்கடி அணைந்தது. கையில் எடுத்து வைத்து மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேரன் பார்த்துவிட்டான். இரண்டு, மூன்று என்று இருந்தது இரண்டு நாளுக்கு ஒன்று என்று இறங்கியது.

அறுவை

ஏப்ரலில் பார்த்தபோது வெள்ளை மெலிந்திருந்தது. சிறு மேடுகள் பாதி தட்டையாகிவிட்டன. சிவப்பு அப்படியே நின்றது, இப்போது அதன் எல்லை நான்கு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்திருந்தது.

மரப்பு ஊசியில், சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விட்டு, திட்டு முழுவதையும் எலும்புறை வரை எடுத்தார் அறுவை மருத்துவர். ஆடிய பல்லையும் அன்றே எடுத்தார்கள். அண்ணத்தின் அளவெடுத்து முன்கூட்டியே செய்து வைத்திருந்த அக்ரிலிக் தட்டை மருந்துப் பூச்சோடு பொருத்தினோம். காயத்தை மூடவும், கஞ்சியாவது குடிக்க விடவும் அந்தத் தட்டு. கூடுதலாக ஒரு பலன்: தட்டு இருக்கும்போது நெருப்பை உள்ளே விட முடியாது. பத்து நாள் கழித்து அதைக் கழற்ற வந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று அவரே கேட்டார். அதற்கு இடம் கொடுக்கவில்லை. தட்டுக்கு அடியில் பூஞ்சை வளரும், நாங்கள் பார்க்க வேண்டிய இடமும் மறைந்துபோகும்.

எடுத்த திசுவின் அறிக்கையில் பெரும்பகுதி மிதமான டிஸ்பிளேசியா. ஓரிடத்தில் மட்டும் கடுமையானது, பயாப்சி துண்டில் வராத இடம். விளிம்புகள் சுத்தம், ஊடுருவல் இல்லை. அறுவை மருத்துவர் பயந்தது சரிதான் என்று இந்த அறிக்கை காட்டியது. புற்று எதுவும் இல்லாததால் காத்திருந்ததில் கெடுதல் நேரவில்லை. ஆனால் அடுத்த நோயாளிக்கு இதே அளவு காத்திருப்போம் என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு

காயம் ஆறு வாரத்தில் மூடியது. மூன்றாம் மாதத்தில் வெள்ளை பெரும்பாலும் போயிருந்தது, மேடுகள் இல்லை. பழுப்புக் கறைகள் மட்டும் மாறவில்லை. அவை உடனே போகாது, போகாததற்காகப் பயப்படவும் வேண்டாம் என்று சொன்னோம்.

அக்டோபரில் வர வேண்டியவர் வரவில்லை. புயல் எச்சரிக்கை, பஸ் இல்லை என்று செய்தி வந்தது. டிசம்பரில் வந்தபோது வாயைத் திறந்ததுமே தெரிந்தது, முன்பற்களின் பின்பக்கம் மறுபடி கறுத்திருந்தது. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். மகன் கடலுக்குப் போய் இரண்டு நாள் தகவல் இல்லாமல் இருந்திருக்கிறான். அன்று பக்கத்து வீட்டில் வாங்கிப் பிடித்தது, பிறகு நிற்கவில்லை. பழைய மாதிரி நெருப்பு உள்ளே. அண்ணத்தின் முன்பாதி மறுபடி வெளுத்திருந்தது. சிவப்பு இல்லை.

கண்டிக்கவில்லை. கறையை எடுத்துவிட்டோம். இன்னொரு முறை ஒட்டு ஏற்பாடு செய்தோம். இந்த முறை மருமகள் இலை வாங்கும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் இலை இல்லை என்றால் கடைக்குப் போய் வாங்கும் பழக்கம் அத்தைக்கு இல்லை என்பது அவருடைய கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலித்தது.

ஒன்றரை வருடத்தில் வலப்பக்கம் 4 மில்லிமீட்டர் அளவில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. உடனே பயாப்சி எடுத்தோம்; லேசான டிஸ்பிளேசியா. வெட்டாமல் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறோம். இதை எழுதும்போது அது பெரிதாகவில்லை. திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் பிடிப்பதாகச் சொல்கிறார். பற்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

என்ன மாற்றினோம்

பதிவுப் படிவத்தில் ‘புகைப் பழக்கம்: உண்டு / இல்லை’ என்ற வரி போய்விட்டது. இப்போது பொருளின் பெயரைச் சொல்லியே கேட்கிறோம்: சுட்ட, பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை. சுட்ட என்றால் அடுத்த கேள்வி நெருப்பு எந்தப் பக்கம். பெண்களிடம் இதைக் குடும்பத்தார் இல்லாத இடத்தில் கேட்கிறோம்.

ஊர் முகாம்களில் ஆஷா பணியாளர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் கன்னத்தையும் நாக்கையும் பார்க்கச் சொல்லித்தருவது வழக்கம். நின்றபடி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் மேல் அண்ணம் தெரியவே தெரியாது. உட்காரவைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணே முந்தைய வருடம் ஒரு முகாமில் பரிசோதிக்கப்பட்டு ‘வாய் சரி’ என்று சீட்டு வாங்கியிருந்தார். அவர் தெருவிலிருந்து ஆஷா அழைத்து வந்த மற்ற பெண்களில் பலருக்கும் அண்ணத்தில் வெளுப்பும் மேடுகளும் இருந்தன. ஒருவருக்குத் தடித்த வெள்ளைத் திட்டு இருந்து பயாப்சி எடுத்தோம், டிஸ்பிளேசியா இல்லை.

சிவப்புத் திட்டுக்குக் காத்திருக்கும் காலத்துக்கு இப்போது துறையில் வரம்பு உண்டு. பூஞ்சை மருந்துக்கு இரண்டு வாரம், அறிக்கையில் மிதமான டிஸ்பிளேசியா என்று வந்தால் தாமதிக்காமல் அறுவை. தடைக்காலமோ திருவிழாவோ குறுக்கே வந்தால் தேதியைப் பின்னால் தள்ளுவதில்லை, முன்னால் இழுக்கிறோம்.

இன்னும் ஒத்துப்போகாத ஒரு விஷயம், முழுதாக விட முடியாதவரிடம் ‘நெருப்பை வெளியே வைத்து நேராகவாவது பிடியுங்கள்’ என்று சொல்லலாமா என்பது. இளையவர்கள் சிலர் சொல்லலாம் என்கிறார்கள். அண்ணத்துக்காவது சூடு குறையும், இந்தப் பெண்ணுக்கு எண்ணிக்கையும் குறைந்தது என்று எடுத்துக்காட்டுகிறார்கள். நான் சொல்வதில்லை. டாக்டரம்மாவே இப்படிப் பிடிக்கச் சொன்னார் என்று அது ஊருக்குள் போகும், அப்புறம் விடும்படி சொல்வதற்கு எங்களிடம் சொல் இருக்காது. அவராக நேராகப் பிடித்ததைத் தடுக்கவும் இல்லை. இப்போதைக்கு, எப்படிப் பிடித்தார் என்பதை மட்டும் ஒவ்வொரு வருகையிலும் சீட்டில் எழுதி வைக்கிறோம்.